கோடு என்ன சொல்கிறது? வாத வரைபடத்தில் வரும் கோளாறுகளும் அவற்றைத் திருத்தும் வழிகளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்ட நகரத்தில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுப்பவர்களுக்கான குறிப்பு இது. நம் பிள்ளைகள் மூன்று மொழிகளில் வாதிட வேண்டியவர்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு மலாயும் ஆங்கிலமும் ஆளும் வகுப்பறைக்குள் நுழைகிறார்கள். சாப்பாட்டுக் கடையில் பெரியவர்களையே பேச்சில் மடக்கும் பையன், தாளைக் கொடுத்தால் “இதனால் பல நன்மைகள் உள்ளன” என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்குக் கருத்து இல்லாமல் இல்லை. கருத்துக்கும் கருத்துக்கும் நடுவில் இருக்கும் உறவு அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதைக் கண்ணுக்குக் காட்டத்தான் வாத வரைபடம். உச்சியில் ஒரு பெட்டியில் நிலைப்பாடு, அதன் கீழே காரணங்கள், அவற்றின் கீழே சான்றுகள், பக்கத்தில் எதிர்வாதம், எல்லாவற்றையும் இணைக்கும் கோடுகள். இது கணினிக்கு முந்தைய சிந்தனை. ஜான் ஹென்றி விக்மோர் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் நீதிமன்றச் சாட்சியங்களை 1913இலேயே இப்படிக் கோடிட்டு வரைந்து காட்டினார். வழக்கு எந்த இடத்தில் ஓட்டையாக இருக்கிறது என்று பார்ப்பதே அவருடைய நோக்கம். நாமும் அந்த நோக்கத்தோடு வரைந்தால் வரைபடம் உதவும். அலங்காரத்துக்கு வரைந்தால் கீழே வரும் கோளாறுகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே தலைப்பைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறேன்: “மாணவர் குறைந்த தோட்டத் தமிழ்ப்பள்ளியை நகரத்துக்கு மாற்ற வேண்டும்.” நம் ஊரில் இதற்கு இரண்டு பக்கமும் ஆள் உண்டு. பிள்ளைகளுக்கும் சொந்தக் கருத்து உண்டு.

அறிகுறி: வரைபடம் நிறையப் பெட்டி, கட்டுரை வெறும் பட்டியல்

அதிகம் காணப்படும் கோளாறு இது. திரையில் வண்ண வண்ணமாக இருக்கும். நடுவில் “பள்ளி இடமாற்றம்”. சுற்றிலும் “போக்குவரத்து”, “வசதி”, “ஆசிரியர்”, “மாணவர் எண்ணிக்கை”. கட்டுரையோ “முதலாவதாக, போக்குவரத்து. இரண்டாவதாக, வசதி” என்று நடக்கும். வாதம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

மாணவர் வரைந்தது வாத வரைபடம் அன்று, மன வரைபடம். செயலிகளும் இந்தக் குழப்பத்துக்கு உடந்தை. பெரும்பாலானவை திறந்தவுடன் நடுவில் ஒரு வட்டத்தைப் போட்டு, சுற்றிலும் கிளை விடச் சொல்கின்றன. ஜோசப் நோவாக் 1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கருத்து வரைபடமும் வேறு வகை. அதில் மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். அந்த வழியில் வந்த சிமேப் டூல்ஸ் செயலியை வாதத்துக்குப் பயன்படுத்தும்போது, தாங்கும் திசை கீழிருந்து மேலே என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

திருத்தம் பெட்டிக்குள் தொடங்குகிறது. தனிச் சொல்லை அனுமதிக்காதீர்கள். “போக்குவரத்து” என்பதை யாராலும் மறுக்க முடியாது, ஏற்கவும் முடியாது. “தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் இப்போது நகரத்துத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) வசிக்கின்றன” என்றால் மறுக்கலாம், சான்று கேட்கலாம். ஒருவர் “அப்படி இல்லையே” என்று சொல்லக்கூடிய முழு வாக்கியம்தான் பெட்டிக்குள் போக வேண்டும்.

அடுத்து, கோட்டை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மேல் பெட்டி, “ஏனெனில்”, கீழ்ப் பெட்டி. “பள்ளியை நகரத்துக்கு மாற்ற வேண்டும். ஏனெனில், பள்ளியில் கணினி அறை பழையது.” வகுப்பே சிரித்துவிடும். கணினி அறை பழையதாக இருந்தால் கணினி அறையை மாற்றினால் போதும். இந்தக் கோடு நிற்காது என்பதை ஆசிரியர் விளக்கத் தேவையில்லை.

சிரிப்பு வராத கோடுகள்தான் ஆபத்தானவை. “பள்ளியை நகரத்துக்கு மாற்ற வேண்டும். ஏனெனில், இப்பள்ளியில் 150க்கும் குறைவான மாணவர்களே உள்ளனர்.” கேட்க நன்றாகவே இருக்கிறது. 150க்கும் குறைவான மாணவர் உள்ள தொடக்கப்பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துவதும் உண்மை. ஆனால் அந்தக் கணக்கிலிருந்து நகரம் எப்படி வந்தது? பள்ளியை மூடலாம், இன்னொரு தோட்டப் பள்ளியோடு இணைக்கலாம், இருந்த இடத்திலேயே விடலாம். எண்ணிக்கை மட்டும் எந்தப் பக்கமும் கைகாட்டவில்லை.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் டிம் வான் கெல்டர் கணினி வழியாக வாத வரைபடம் கற்பித்த மரபில் இதற்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று முயல் விதி: மேல் பெட்டியில் இருக்கும் முக்கியமான சொல் ஒவ்வொன்றும் கீழே ஏதாவது ஒரு பெட்டியில் இருக்க வேண்டும். வித்தைக்காரர் வெறும் தொப்பியிலிருந்து முயலை எடுப்பதுபோல முடிவில் புதிதாக எதுவும் குதித்து வரக்கூடாது. மற்றொன்று கைகோப்பு விதி: கீழே ஒரு பெட்டியில் வந்து, மேல் பெட்டியில் இல்லாத சொல், அதன் பக்கத்துப் பெட்டியிலாவது இருக்க வேண்டும். இரண்டையும் வண்ணத்தால் சோதிக்கலாம். “நகரம்” வரும் இடமெல்லாம் மஞ்சள், “மாணவர்” வரும் இடமெல்லாம் பச்சை. மேலே மஞ்சள் இருந்து கீழே மஞ்சள் இல்லையென்றால் ஓர் ஓட்டை அகப்பட்டுவிட்டது.

நம் எடுத்துக்காட்டில் ஓட்டையை அடைக்க இன்னும் இரண்டு வாக்கியங்கள் தேவைப்படும். “மாணவர் குறைந்ததற்குக் காரணம், குடும்பங்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்ததே.” “பள்ளி என்பது மாணவர் வாழும் இடத்தில் இருக்க வேண்டும்.” இரண்டாவதைப் பாருங்கள். பிள்ளைகள் யாரும் தாமாக எழுதாத வாக்கியம் அது. எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். சண்டை இருப்பதே அங்கேதான். “அப்படியானால் தோட்டத்திலேயே தங்கிவிட்ட பிள்ளைகள் எங்கே போவார்கள்?” என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் கேள்வி வந்த கணத்தில் கட்டுரைக்குப் பொருள் கிடைத்துவிடுகிறது.

சேர்ந்தே தாங்கும் இத்தகைய வாக்கியங்களை மைண்ட்மப் செயலியில் ஒரே குழுவாக இணைக்கலாம். கியாலோ என்ற இணைய விவாதத் தளத்தில் ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டு கிளைகள்தான். காரணங்களை ஒன்றோடொன்று பூட்ட அங்கே வழியில்லை. ஆகவே தொடக்கத்தில் மைண்ட்மப், விவாதம் சூடுபிடித்த பிறகு கியாலோ என்பது என் விருப்பம். தலைகீழாகத் தொடங்கிய வகுப்புகளில் பிள்ளைகள் ஆதரவுப் பெட்டிகளை எண்ணிப் பார்த்து வெற்றி யாருக்கு என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

அறிகுறி: எழுதியதெல்லாம் உண்மை, எதற்கென்றுதான் தெரியவில்லை

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடம் வரும் நோய். சுங்கை சிப்புட் என்றவுடன் 1948 ஜூன் 16 வந்துவிடும். தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் ஒரு பெட்டியில். துன் சம்பந்தன் இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தது இன்னொரு பெட்டியில். அவர் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது மற்றொன்றில். எதிலும் பிழையில்லை. பள்ளி இடமாற்றத்துக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு?

பெட்டியை அழிக்கச் சொல்லாதீர்கள். தேடிப் படித்த பிள்ளைக்கு மனம் நோகும். கோட்டை மட்டும் அறுத்து, பெட்டியைத் திரையின் ஓரத்தில் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் பார்த்து “ஆகவே?” என்று கேட்கச் சொல்லுங்கள். 1948க்கு விடை வராது. அது ஓரத்திலேயே இருக்கட்டும். 1960க்கு வரும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக எழுந்த சங்கம் அது. ஆகவே, தோட்டச் சமூகம் தன்னுடையதைத் தானே காப்பாற்றிக்கொண்ட முன்னுதாரணம் உண்டு. ஆகவே, பள்ளியை நகர்த்துவது ஒன்றே வழி என்று சொல்லிவிட முடியாது.

கவனித்தீர்களா, பெட்டி எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. பெருமைக்காகச் சேர்த்த செய்தி எதிராளியின் கையில் ஆயுதமாகிவிட்டது. தாளில் இதை அடித்துத் திருத்தி எழுத வேண்டும். திரையில் ஒரு பெட்டியைப் பிடித்து இழுத்தால் போதும். கணினி தாளைவிட உயர்ந்தது என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான்.

அறிகுறி: எதிர்வாதம் தள்ளினால் விழுகிறது

“சிலர் பழைய பள்ளியே நல்லது என்பர். அது தவறு.” எதிர்வாதம் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னதற்காக ஒரு சிவப்புப் பெட்டி. அது உச்சிப் பெட்டியின் அடியில் தொங்கும், வேறெங்கும் தொடாது.

எதிர்ப்பு எங்கே அடிக்கிறது என்று கேளுங்கள். சான்றில் அடிக்கலாம்: “குடும்பங்கள் நகரத்துக்குத்தான் போயின என்று எப்படித் தெரியும்? பாதிப்பேர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போயிருக்கலாமே.” காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவில் அடிக்கலாம்: “நகரத்தில் குடும்பங்கள் இருப்பது உண்மை, ஆனால் பள்ளியை மாற்றினால் அவர்கள் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவார்கள் என்று என்ன உறுதி?” முடிவின் மேலேயே நேராகவும் அடிக்கலாம்: “பள்ளி போனால் தோட்டத்தில் மிஞ்சியிருப்பது கோயில் மட்டும்தான்.” மூன்றுக்கும் பதில் வேறு. முதலாவதற்குத் தகவல் வேண்டும். இரண்டாவதற்கு இன்னொரு காரணம் வேண்டும். மூன்றாவதற்கு எது முக்கியம் என்று எடைபோட வேண்டும். சிவப்புப் பெட்டியை அது அடிக்கும் பெட்டியிலேயே மாட்டச் சொன்னால் எந்தப் பதில் தேவை என்பது தானாகத் தெரியும். மறுப்பையும் அந்தச் சிவப்புப் பெட்டியின் கீழேதான் மாட்ட வேண்டும். உச்சியில் மாட்டினால், கட்டுரையில் மறுப்பு வேறு எங்கோ போய் விழும்.

தன் வாதத்துக்குத் தானே வலுவான எதிர்ப்பு எழுதப் பெரியவர்களுக்கே கைவராது. வரைபடங்களை இருவருக்குள் மாற்றிக் கொடுத்து, சிவப்புப் பெட்டிகளை மட்டும் மற்றவர் எழுதட்டும். ஒரே தோட்டத்துப் பிள்ளைகளை இணை சேர்க்காதீர்கள். இரக்கம் காட்டிவிடுவார்கள்.

அறிகுறி: கட்டம் கட்டமாகத் தெரிகிறது, கொம்பு தனியே நிற்கிறது

இது எழுத்துருச் சிக்கல், வாதச் சிக்கல் அன்று. நிரலுக்குத் தமிழ் எழுத்துரு கிடைக்கவில்லையென்றால் வெற்றுக் கட்டங்கள் வரும். அமைப்பில் எழுத்துருவை மாற்றுங்கள். விண்டோசில் நிர்மலா அல்லது லதா, மேக்கில் இணைமதி, மற்றவற்றில் நோட்டோ சான்ஸ் தமிழ். கட்டத்துக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை வந்தால், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பிலிருந்து யாரோ ஒட்டியிருக்கிறார்கள். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள், அல்லது திரும்பத் தட்டச்சு செய்யுங்கள். தமிழில் தட்டச்சு செய்யக் கணினியில் முரசு அஞ்சல், கைப்பேசியில் செல்லினம் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டும் முத்து நெடுமாறன் உருவாக்கிய நம் நாட்டுச் சரக்கு. முரசு அஞ்சல் 1985இலேயே வந்துவிட்டது. திரையில் சரியாக இருந்து பி.டி.எஃப். கோப்பில் மட்டும் ‘கொ’, ‘கோ’ பிரிந்து வந்தால், படமாகச் சேமித்து அச்சிடுங்கள்.

அறிகுறி: கோப்பு திறக்கவில்லை, இணையம் இல்லை, திரை போதவில்லை

பழைய வரைபடத்தைக் காணோம் என்றால் அது ஜாம்போர்டு என்ற இணைய வெண்பலகையில் வரைந்ததா என்று பாருங்கள். கூகுள் அந்தச் சேவையை 2024 டிசம்பர் 31இல் நிறுத்திவிட்டது. பள்ளிக் கணக்கில் நுழைந்து வெளிச் செயலியைத் திறக்கும்போது அனுமதி மறுக்கப்பட்டால், கணக்கின் நிர்வாகி அதைத் தடுத்திருக்கலாம். அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கூகுள் சிலைட்ஸில் பெட்டியும் கோடும் போட்டாலே வாத வரைபடம்தான். கோட்டின் முனை பெட்டியில் ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவே. ஒட்டாவிட்டால் பெட்டியை நகர்த்தும்போது கோடு அந்தரத்தில் நிற்கும்.

செம்பனைக்கு நடுவில் இருக்கும் வீடுகளில் அலைவரிசை வரும், போகும். டிரா.ஐஓ என்ற வரைபடச் செயலியின் கணினிப் பதிப்பு இணையம் இல்லாமலே இயங்கும், கோப்பும் கணினியிலேயே இருக்கும். வீட்டில் அப்பாவின் கைப்பேசி ஒன்றுதான், அதுவும் அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் என்றால் வீட்டுப்பாடத்துக்குத் திரையே வேண்டாம். தாளில் வரையட்டும், மறுநாள் வகுப்பில் ஏற்றிக்கொள்ளலாம். சிறிய திரையில் பெரிய வரைபடத்தை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்க்கும் பிள்ளை ஒரு நேரத்தில் இரண்டு பெட்டிகளைத்தான் பார்க்கிறது. முழு வாதமும் ஒரே பார்வையில் தெரிவதற்காகத்தானே இவ்வளவு பாடும்?

அறிகுறி: தமிழில் வரைந்தால் நிற்கிறது, மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதினால் சரிகிறது

மொழி கற்பவர்களுக்கே உரிய கோளாறு இது. இதற்குப் பயந்து வரைபடத்தில் தமிழே கூடாது என்று சில ஆசிரியர்கள் தடை போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிந்திக்கும் மொழியைப் பிடுங்கிக்கொண்டால் பெட்டிக்குள் தெரிந்த சொல்தான் வரும், நினைத்த கருத்து வராது. “ஸ்கூல் இஸ் குட்” என்று ஒரு பெட்டியைப் பார்த்தால் பிள்ளைக்கு அவ்வளவுதான் தோன்றியது என்று நாமும் நினைத்துவிடுவோம்.

முதல் சுற்றில் எந்த மொழியிலும் எழுதட்டும். கோடுகள் எல்லாம் சோதனையில் தேறிய பிறகு கோப்பைப் பிரதி எடுத்து, இரண்டாவது பிரதியில் தேர்வு மொழியில் பெட்டிகளை நிரப்பட்டும். அப்போது தமிழ்ப் பிரதி மூடியிருக்க வேண்டும். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் வேலை நடக்கும். பெட்டிக்கு ஒரு வினை என்று அளவு வைப்பதும் நல்லது. தமிழில் எச்சங்களைக் கோத்துக் கோத்து நீட்டும் பழக்கம் ஆங்கிலத்தில் முழு வாக்கியத்தையும் கவிழ்த்துவிடும்.

வரிசையையும் பார்க்க வேண்டும். “குடும்பங்கள் நகரத்துக்குப் போய்விட்டதால், வந்துபோகச் சிரமமாக இருப்பதால், பள்ளியை மாற்ற வேண்டும்” என்று தமிழில் காரணம் முன்னே வரும், முடிவு கடைசியில் வரும். அதே நடையில் எழுதிய ஆங்கிலப் பத்தியில் மாணவர் என்ன சொல்ல வருகிறார் என்பது கடைசி வரிவரை தெரியாது. வரைபடத்தைக் காட்டி, பத்தியின் முதல் வாக்கியம் மேல் பெட்டி, அடுத்தவை கீழ்ப் பெட்டிகள் என்று பழக்கிவிட்டால் போதும். தனி இலக்கணப் பாடம் வேண்டியதில்லை.

இணைப்புச் சொற்களை அலங்காரமாகத் தூவுவது அடுத்த தொல்லை. மலாய்க் கட்டுரையில் ஒவ்வொரு பத்தியும் “ஓலே இத்து” (ஆகவே) என்று தொடங்கும், எதிலிருந்து என்ன வந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். இணைப்புச் சொல்லைப் பெட்டிக்குள் எழுத விடாமல் கோட்டின் மேல் எழுதச் சொல்லுங்கள். கீழிருந்து மேலே ஏறினால் எனவே, ஆகவே, “ஓலே இத்து”. மேலிருந்து கீழே இறங்கினால் ஏனெனில், “கெரானா”, “பிகாஸ்”. சிவப்புக் கோட்டில் ஆயினும், “வலாவ் பகைமானாபுன்”, “ஹவெவர்”. கோடு இல்லாத இடத்தில் இணைப்புச் சொல்லும் இல்லை. இதைக் கண்டிப்பாகச் செய்தால் “ஓலே இத்து” பாதியாகக் குறைந்துவிடும்.

காலம், எண், எழுத்துப் பிழைகளை வரைபடம் திருத்தாது. வாக்கியமே நிற்காத பிள்ளையை வரைபடத்தின் முன் உட்காரவைப்பது இருவருக்கும் நேர விரயம்.

அறிகுறி: வரைபடம் சரி, பத்திகள் தாறுமாறு

வரைபடம் பக்கவாட்டிலும் விரியும், கட்டுரை ஒரே வரியாக ஓடும். மாற்றும்போது பிள்ளைகள் மேல் வரிசைப் பெட்டிகளை எல்லாம் முதல் பத்தியில் கொட்டிவிடுவார்கள். எழுதுவதற்கு முன் பெட்டிகளுக்கு எண் போடச் சொல்லுங்கள். உச்சி 1. முதல் காரணம் 2, அதன் கீழ் உள்ளவை 3, 4, அதன் எதிர்ப்பு 5, மறுப்பு 6. அந்தக் கிளை முடிந்த பிறகுதான் அடுத்த காரணத்துக்கு 7. ஒரு கிளைக்கு ஒரு பத்தி. பலவீனமான கிளையை நடுவில் வைக்கலாம், அல்லது வெட்டிவிடலாம். எல்லாப் பெட்டியும் கட்டுரைக்குள் வந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அறிகுறி: வகுப்பில் வருகிறது, தேர்வில் வரவில்லை

தேர்வு மண்டபத்தில் செயலி இல்லை. இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கில எழுத்துத் தாளில் மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம், கடைசிப் பகுதி 200 முதல் 250 சொற்கள். பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வான மூயட்டின் எழுத்துத் தாளில் இரண்டு பணிகளுக்கு 75 நிமிடம், அதில் கட்டுரை குறைந்தது 250 சொற்கள். இவ்வளவு சிறிய கட்டுரைக்குப் பெரிய மரம் தேவையில்லை. ஒரு நிலைப்பாடு, இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று, ஓர் எதிர்ப்பு, ஒரு மறுப்பு. கேள்வித்தாளின் ஓரத்தில் ஐந்து நிமிடத்தில் பென்சிலால் போட்டுவிடலாம்.

ஆனால் அந்தப் பழக்கம் தேர்வு மாதத்தில் வராது. வண்ணங்களை முதலில் நிறுத்துங்கள். பிறகு முழு வாக்கியங்களுக்குப் பதில் தங்களுக்குப் புரியும் சுருக்கங்கள். மன வரைபடத்துக்குத் திரும்பிவிட்டார்களா என்று சோதிக்க, சுருக்கத்தைக் காட்டி முழு வாக்கியம் கேளுங்கள். அதன் பிறகு தாளுக்கு மாறுங்கள். கடைசியில் வரைபடமே இல்லாமல் எழுதவிட்டு, எழுதிய கட்டுரையை நண்பரிடம் கொடுத்து அவரை வரைபடமாக்கச் சொல்லுங்கள். எழுதியவர் பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக்கூடாது. நண்பரால் கோடு போட முடியாமல் நின்ற பத்தியை மட்டும் திரும்ப எழுதட்டும்.